முப்பத்தெட்டு கிலோ கச்சான்

விளக்கமறியல்
21.02.2024

சிவரூபி அக்காவுக்கு,

'நீங்கள்' போட்டுத்தான் எழுதுகிறேன். சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கள்ளன் என்று சொன்ன பிறகு 'நீ' என்று எழுதக் கை வரவில்லை.

உள்ளே வந்து பத்து நாள் ஆகிறது. நீங்கள் வந்து பார்க்கவில்லை, ஒரு சவர்க்காரக் கட்டிகூட அனுப்பவில்லை. வந்த அன்றே, சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பாலனின் மச்சான் ஒருவன் தட்டின் விளிம்பால் என் வாயில் அடித்தான். முன்பல் இரண்டும் சோற்றுக்குள் விழுந்தன. "பாலன்ர கையை எடுத்தவன் நீதானே? உன்ர ரெண்டையும் எடுக்கிறன் பார்" என்றான். நான் எடுக்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன், இரத்தம்தான் வந்தது.

என்மேல் உள்ள வழக்கு உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் ஒன்பதாம் திகதி பின்னேரம், எங்கள் கச்சான்கடலைச் சங்கத்தின் களஞ்சியத்தில் வைத்து, கனகலிங்கம் முதலாளியின் தராசுக்காரன் பாலனுடைய வலது கையை மணிக்கட்டோடு வெட்டினேனாம். பிறகு களஞ்சியத்துக்கு நெருப்பு வைத்ததும் நானாம். பாலன் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அவன் பொய் சொல்வது புதிதில்லை. ஆனால் அவனுடைய பொய்க்கு நீங்கள் வைத்திருக்கும் சங்கப் போன் சாட்சி சொல்கிறது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

போனில் உள்ள சங்கிலிப் பதிவை அச்செடுத்துக் காட்டினார்கள். '09.02.2024, மாலை 5.42, பிரதீபன், கச்சான், 38 கிலோ.' என்னுடைய இரகசிய இலக்கத்தோடு பதிந்திருக்கிறது. அதற்குப் பத்து நிமிடத்தில் கை வெட்டு. அக்கா, அந்த நேரம் நான் துணுக்காய்ப் பக்கம் காட்டுக்குள் இரண்டு பேரோடு களவாகப் பாலை மரம் அரிந்துகொண்டிருந்தேன். அந்த இருவரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். வந்தால் மரத்துக்காக அவர்களையும் பிடிப்பார்கள்.

போனில் ஏதோ பிழை நடந்திருக்கிறது. அதை அழித்துவிடுங்கள். ஒரு வரிதானே.

பிரதீபன்


ஒட்டுசுட்டான்
29.02.2024

தம்பி,

வந்து பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். வடிவம்மா மாமி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தா. களஞ்சியத்துக்குள் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து சொத்தைக் கச்சான் பொறுக்கிக்கொண்டிருந்தவ. நெருப்பு அவவைத்தான் முதலில் பிடித்தது. மருந்து கட்ட ஒவ்வொரு முறை திருப்பும்போதும் முதுகுத் தோல் சீலையோடு உரிந்து வந்தது. பொலிஸ் வந்து கேட்டபோது "நான் ஒருதரையும் காணேல்லை ஐயா" என்று மட்டும் சொன்னா. பதினெட்டாம் திகதி விடிய உயிர் போனது. அவவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. பெட்டி வாங்கியதும் தூக்கியதும் சங்கத்துப் பெண்கள்தான். இதற்குள் நான் எப்படி உனக்குச் சவர்க்காரம் கொண்டு வருவது?

அந்த வரியை அழிக்க முடியாது. இந்தப் போன் பதிவைப் பழக்க மேனுகா வந்தபோது நீ கடைசி வாங்கில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாய், அதனால் மறுபடி எழுதுகிறேன். ஒரே கொப்பி ஆயிரம் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள். இங்கே ஒரு மூட்டையை நிறுத்துப் பதிந்தால் அந்த ஆயிரம் கொப்பியிலும் ஒரே நேரத்தில் அந்த வரி விழும். ஒவ்வொரு வரியும் அதற்கு முந்திய வரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் கிழித்தால் மற்ற வீடுகள் காட்டிக் கொடுத்துவிடும்.

அதற்காகத்தானே இதை எடுத்தோம்? இருபது வருஷமாகப் பாலன் எங்கள் மூட்டையைத் தூக்குத் தராசில் மாட்டிவிட்டு, ஒருவரும் காணாமல் கீழே முழங்காலைக் கொடுத்தான். மூட்டைக்கு நாலு கிலோ அவன் முழங்காலில் போனது. அவர்கள் கொப்பியில் எழுதியதுதான் நிறை என்று வாயை மூடிக்கொண்டு இருந்தோம். இப்போது கொழும்பில் வாங்குகிற கம்பனிக்காரர் சாக்கில் ஒட்டிய துண்டைப் போனை வைத்துப் பார்த்தால் யாருடைய கச்சான், எத்தனை கிலோ என்று தெரிகிறது. நாற்பத்தொரு குடும்பம் கனகலிங்கத்தின் லொறிக்குக் கை காட்டுவதை நிறுத்தியது. அந்த ஆத்திரத்தில்தான் எரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் மூன்று மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். உன் மருமகள் தர்மிளா வளர்த்த ஆட்டை முற்றத்தில் வைத்தே அறுத்து, தலையைப் படலைக் கம்பில் குத்திவிட்டுப் போனார்கள். "தோட்டக்காட்டு நாயளுக்குக் கொம்பியூட்டர் கேக்குதோ?" என்று ஒருவன் கத்தினான். அப்பா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்தில் அடிவாங்கி, உடுத்த உடுப்போடு இங்கே வந்து காடு வெட்டினார். நாற்பத்தேழு வருஷமாகியும் அந்தச் சொல் எங்களை விட்டுப் போகவில்லை. பிள்ளை அன்றிலிருந்து படலைப் பக்கம் போவதில்லை, வேலிப் பொட்டுக்குள்ளால் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஒரு வரிதானே என்கிறாய். நீ மூன்று மூட்டையை ஒளித்துக் கனகலிங்கத்துக்குக் கொடுத்ததும் ஒன்றுமில்லாத விஷயம்தானே உனக்கு?

சவர்க்காரம், பற்பசை, உடுக்க இரண்டு சாரம் அனுப்புகிறேன். பற்பசை அனுப்பும்போது உன் பல்லை நினைத்துக் குசினிக்குள் இருந்து அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

சிவரூபி


விளக்கமறியல்
08.03.2024

அக்கா,

வடிவம்மா மாமி செத்தது உன் கடிதம் வந்துதான் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டு வருகிற மனிசி. அவவை எரித்தவன் நான் என்று இங்கே நூறு பேர் நம்புகிறார்கள். 'நீங்கள்' எல்லாம் போகட்டும். இனி எனக்குக் கோபம் பிடிக்கப் பலமில்லை.

பாலனின் மச்சான் ஒரு கரண்டிக் காம்பைச் சீமெந்தில் உரசி உரசிக் கூராக்கி வைத்திருந்தான். குளிக்கிற தொட்டியடியில் விலாவில் இறக்கினான். எட்டுத் தையல். நானும் சும்மா விடவில்லை, அவன் காதைக் கடித்துப் பாதியைத் துப்பினேன். துப்பிய பிறகு, நான் கை வெட்டக்கூடிய ஆள்தான் என்று எனக்கே தோன்றியது. இங்கே இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் அந்த வழக்குக்கு ஏற்ற ஆளாக மாறிவிடுவேன்.

அழிக்க முடியாவிட்டால் உண்மையைச் சொல்லலாமே? நாற்பத்தொரு பேரின் இரகசிய இலக்கமும் உன் வீட்டுக் கலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. மேனுகா எத்தனை தரம் சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, உங்கட பிள்ளைக்கும் சொல்லாதேங்கோ." அவள் ஒழுங்கை முனையில் திரும்ப முதலே எல்லாரும் உன்னிடம் வந்து இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அகதி முகாமில் இருந்தபோது எல்லோருடைய நிவாரண அட்டையையும் நீதானே வைத்திருந்து வரிசையில் நின்று வாங்கி வந்தாய். அந்தப் பழக்கம். உன்னிடம் கொடுத்தால் பத்திரம் என்று நினைக்கிற சனம். நானும் அப்படித்தான் தந்தேன்.

ஆகவே நீதான் யாரோ கொண்டு வந்த மூட்டையை என் பெயரில் தவறிப் பதிந்திருக்க வேண்டும். "நான்தான் பதிந்தனான், தம்பி வரேல்லை" என்று நீதவானிடம் ஒரு வார்த்தை சொல். போதும். அந்த ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்?

பிரதீபன்


ஒட்டுசுட்டான்
17.03.2024

தம்பி,

உன் கடிதம் வந்த மறுநாள் கனகலிங்கம் முதலாளி நேரே வந்தார். பிக்கப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "பிள்ளை, போனில உள்ளதெல்லாம் நான்தான் பதிஞ்சனான் எண்டு கோட்டில ஒரு வார்த்தை சொல்லு. தம்பி அடுத்த தவணைக்கு வீட்டில நிப்பான்" என்றார். அதே வார்த்தை. உனக்கும் அதுதான் வேண்டும், அவருக்கும் அதுதான் வேண்டும்.

ஏன் என்று யோசித்துப் பார். அதை நான் சொன்ன நிமிடமே அவருடைய சட்டத்தரணி எழும்பி நிற்பார். ஒரு வரி அப்படியென்றால் எல்லா வரியும் அப்படித்தான், இந்தப் பெண் வீட்டில் இருந்து தான் நினைத்த நிறையை எழுதியிருக்கிறாள் என்பார். நிறைக் களவுக்கு எதிராக நாங்கள் கொடுத்த முறைப்பாடு போய்விடும். கம்பனிக்காரர் விலகுவார். எல்லோரும் திரும்ப அவர் லொறிக்குப் பின்னால் ஓட வேண்டும். சாமி சத்தியமாக, உன்னை வெளியே எடுக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாற்பது வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு எடுக்கச் சொல்கிறாயா?

பாலன் ஏதோ பாவம், கை போனவன் என்று இங்கே சிலர் கதைக்கிறார்கள். எனக்குக் காது கொதிக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவன் மாதிரி அவசரமில்லாமல் பெற்றோலை ஊற்றினான். பின்னால் இருந்து மாமி இருமினா. அவன் கை ஒரு நிமிடம் நின்றது, பிறகு மிச்சத்தையும் ஊற்றினான். "வெளிய வாடி, இல்லாட்டிக் கிழவியோட சேர்ந்து வேகு" என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்காக யாராவது கண்ணீர் விடுகிறார்கள் என்றால் அவர்கள் முகத்தில் காறித் துப்புவேன்.

காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். அந்த மச்சான்காரனோடு தனிய நிற்காதே.

சிவரூபி


26.03.2024

அக்கா,

இந்தக் கடிதம் வாசலால் வரவில்லை. இன்று பிணையில் போகும் ஒரு முள்ளியவளை மனிசனின் சாரத்து மடிப்புக்குள் வருகிறது. வாசித்ததும் அடுப்பில் போடு.

உன் போன கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நாலாம் தரம் வாசிக்கப் பயந்து, கிழித்து மென்று விழுங்கிவிட்டேன். பாலன் சிரித்ததையும் "வெளிய வாடி" என்று சொன்னதையும் கேட்டவர்கள் இரண்டு பேர்தான் இருக்க முடியும். ஒருவர் மாமி, அவ போய்விட்டா. பொலிஸுக்கு நீ வீட்டில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாய். வாசலில் கடிதம் வாசிக்கிற ஐயாவுக்கு எங்கள் ஊர்க்கதை தெரியாது, அதனால் தப்பியது.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் ஐந்தாம் திகதி எனக்கு வழக்குத் தவணை. வெட்டினது நான்தான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறேன். தர்மிளாவுக்குப் பதினொரு வயது. அவளுடைய அப்பாவை யானை அடித்து ஐந்து வருஷமாகிறது, அம்மாவையும் இழக்க வைக்க எனக்கு மனமில்லை. எனக்குப் பல்லும் போய்விட்டது, ஊரில் பெயரும் போய்விட்டது. சங்கிலி சொல்வது சரியென்றே இருக்கட்டும். உன் நாற்பத்தொரு குடும்பமும் தப்பும்.

இத்தனை நாளும் நீ என்னை விட்டுவிட்டுச் சங்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து உன்னைத் திட்டினேன். அந்தத் திட்டெல்லாம் என்னோடு இருக்கட்டும்.

ஆனால் அக்கா, ஏன் என்னுடைய இலக்கம்? கலண்டரில் நாற்பத்தொன்று இருந்ததே. அதை மட்டும் எப்போதாவது சொல்லு.

தம்பி


ஒட்டுசுட்டான்
03.04.2024

என் தம்பிக்கு,

இந்தக் கடிதம் வாசலால்தான் வருகிறது. இதை முதலில் வாசிக்கும் ஐயாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஐயா, இதை ஒளிக்காமல் மேலிடத்துக்குக் காட்டுங்கள். நாளைக் காலை நானே பொலிஸுக்குப் போகிறேன்.

ஏன் உன் இலக்கம் என்று கேட்டாய். பத்து மூட்டை கொண்டு வராதவரின் பெயரைச் சங்கத்திலிருந்து வெட்டுவது என்று நாம் போட்ட சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மூன்றை விற்றுவிட்டுக் கோபத்தில் துணுக்காய் போய்விட்டாய். ஒன்பதாம் திகதி பின்னேரம் கணக்கு முடிகிறது, உன் பெயரில் ஒன்பதுதான் இருந்தது. கூட்டத்தில் உன்னைக் கள்ளன் என்றது வாய்தான். உன் பெயர் வெட்டுப்படுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. என்னுடைய மூட்டை ஒன்றைத் தராசில் வைத்து, முப்பத்தெட்டு கிலோ, உன் இலக்கத்தைப் போட்டேன். உன் பெயர்த் துண்டையும் சாக்கில் ஒட்டினேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

துண்டு காய முதல் பாலன் பெற்றோல் கானோடு உள்ளே வந்தான். அவன் ஊற்றியதையும் சொன்னதையும் முதலே எழுதிவிட்டேன். சாக்குக் கயிறு அறுக்கிற கத்தி மேசையில் இருந்தது. அவன் லைற்றரைத் தட்டினான், பற்றவில்லை. நான் வெட்டினேன். முதல் வெட்டு எலும்பில் நின்றுவிட்டது. அவன் அலறிக்கொண்டே மறுபடி தட்டினான், பற்றிக்கொண்டது. நெருப்புக்குள் நின்று இன்னும் இரண்டு வெட்டு வெட்டினேன். கை உன் பெயர் ஒட்டிய சாக்கின்மேல் விழுந்தது, லைற்றரை விடாமல் பிடித்தபடி. பிறகு மாமியை இழுத்தேன். அவவுடைய சீலை என் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் வெட்டிலேயே கை விழுந்திருந்தால் மாமி இன்றைக்கு உயிரோடு இருப்பா. வெட்டியதற்கு நான் வருந்தவில்லை. சரியாக வெட்டாததற்கு வருந்துகிறேன்.

நான் செய்தேன் என்று பாலன் ஏன் சொல்லவில்லை என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. ஒரு பெம்பிளை, அதுவும் தோட்டக்காட்டுப் பெம்பிளை, தன் கையை எடுத்துவிட்டாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்தச் சாக்கில் அவன் கண்ணில் பட்ட பெயரைச் சொன்னான். என்னுடைய பொய்யும் அவனுடைய பொய்யும் சேர்ந்து உன்னை உள்ளே தள்ளின.

ஆஸ்பத்திரியில் மாமி என் காதில் "நீ வாய் திறக்காதை பிள்ளை, தர்மிளாவைப் பார்" என்றா. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த தவணைக்கு நீ வந்துவிடுவாய் என்று என்னை நானே ஏமாற்றினேன். சங்கத்துக்காகப் பேசாமல் இருக்கிறேன் என்று உனக்கு எழுதியதில் பாதி உண்மை. மற்றப் பாதி பயம். உன் பல் விழுந்தபோதும் பேசவில்லை, உன் விலாவில் குத்தியபோதும் பேசவில்லை. இதைவிடக் கேவலம் ஒன்றும் நான் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் வீதியில் எல்லோரையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கலண்டரை அவர்களுக்கு முன்னால் கொளுத்தினேன். ஒவ்வொருவரும் தனித் தனியே, ஒருவரும் பாராமல், புதிய இலக்கம் வைத்து, தங்கள் மூட்டை ஒவ்வொன்றையும் "இது என்னுடையது, நிறை சரி" என்று மறுபடி பதிந்தார்கள். முப்பத்தொரு குடும்பம் வந்தது. உன்னைத் தவிர ஒன்பது பேர் வரவில்லை, அவர்கள் திரும்ப லொறிக்குப் போகிறார்கள். கம்பனி விசாரணை முடியும் வரை வாங்குவதை நிறுத்தியிருக்கிறது. வந்தவர்களில் சுமித்திரா என் முகத்தில் மண் அள்ளி வீசினாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

நீ ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று எழுதியதால் அவசரப்பட்டு ஒன்று செய்துவிட்டேன். சங்கிலியில் எழுதியதை அழிக்க முடியாது, ஆனால் கீழே எழுதலாம். ஈரம், சொத்தை என்று குறிப்புப் போட ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்னுடைய சொந்த இலக்கத்தால் எழுதினேன்: '09.02.2024 மாலை 5.42 பதிவு பொய். மூட்டை சிவரூபியுடையது. பிரதீபன் அங்கே இல்லை. பாலன் நெருப்பு வைத்தான். அவனுடைய கையை வெட்டியது நான்.'

நீ கோட்டில் என்ன சொன்னாலும் இனி அது ஆயிரம் கொப்பியில் இருக்கும். உன்னாலும் அழிக்க முடியாது, என்னாலும் முடியாது. தர்மிளாவுக்கு ஆட்டுக்குட்டி ஒன்று வாங்கிக் கொடு. படலையால் போகப் பழக்கு.

அக்கா


ஒட்டுசுட்டான்
12.05.2024

அக்கா,

பிணையில் வந்து ஒன்பது நாள். நான் கிடந்த மாதிரி ஒரு இடத்தில் இப்போது நீ கிடக்கிறாய். உன்மேல் யாராவது கை வைத்தால் பெயரை எழுது. உன் உயிரையும் மாமி உயிரையும் காக்கத்தான் வெட்டினாய் என்று வாதாடலாம் என்கிறார் சட்டத்தரணி. முடிவு எப்படி வரும் என்று அவருக்கும் தெரியாது.

நானும் போனை எடுத்து உன் வரிக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: 'அந்த நேரம் நான் துணுக்காய்க் காட்டில் களவாகப் பாலை மரம் அரிந்துகொண்டிருந்தேன். பிரதீபன்.' அதற்காக இன்னொரு வழக்குப் போட்டிருக்கிறார்கள். போடட்டும். உன் சொல்லுக்கு அது துணையாக இருக்கும்.

பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு பாலன் வீட்டுக்குப் போனேன். மறைக்கவில்லை, வெட்டத்தான் போனேன். மூன்று மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்தேன். அவன் முற்றத்தில் கதிரையில் இருந்தான். மொட்டைக் கையால் சோற்றுக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, இடது கையால் சோறு அள்ளப் பார்த்தான், பாதி மடியில் கொட்டியது. என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"கோட்டில என்னெண்டு சொல்லப் போறாய்?" என்று கேட்டேன்.

"நீதான் வெட்டினனி எண்டு. ஒரு பெம்பிளை என்ர கையை வெட்டேல்லை."

"அவா எழுதிப் போட்டா. கொழும்பிலயும் கிடக்கு, வெளிநாட்டிலயும் கிடக்கு. ஒருத்தராலும் அழிக்கேலாது. நீ செத்தாலும் கிடக்கும்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். நான் கத்தியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனகலிங்கம் முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒருதரம்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று அவன் மனைவி உள்ளே இருந்து சொன்னாள். தராசுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டாராம், அவனுக்கு இரண்டு முழங்காலும் நல்லாக இருக்கிறதாம்.

பிறகுதான் பாலன் கேட்டான்: "அதில நானும் எழுதலாமோ? பெற்றோல் ஆர் வாங்கித் தந்தது எண்டு?"

அப்போது போன் என்னிடம் இருக்கவில்லை. மேனுகாவிடம் கேட்டேன். சங்கம் சம்மதித்தால் அவன் பெயரில் ஒரு இலக்கம் திறக்கலாமாம், இடது கை விரலாலும் பதியலாமாம். முப்பத்தொரு குடும்பத்தையும் கேட்டோம். சுமித்திராதான் முதலில் கை உயர்த்தினாள்.

நாளைக் காலை அவன் வீட்டுக்குப் போகிறேன், போனோடு. கத்தியையும் கொண்டுதான் போவேன். அவனை நான் இன்னும் நம்பவில்லை.

உன் தம்பி